ஜெபஸ்டினுக்கு ஓர் இடம்

தோமினிக் செத்ததற்கு அழுததைவிட, அவரை எங்கே புதைப்பது என்ற பேச்சுக்குத்தான் அவர் மனைவி வேளாங்கண்ணி அதிகம் அழுதாள். சங்ககிரிப் பக்கம் இருந்த அவர்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் புது நிலம் கிடையாது. பத்து வருஷம் கடந்த குழியை அந்தந்தக் குடும்பத்துக்கே திறந்து கொடுப்பது அங்கே வழக்கம். பழைய எலும்பை வெள்ளைத் துணியில் கட்டி, புதிதாக வருகிறவரின் கால்மாட்டில் வைத்து மூடிவிடுவார்கள். தோமினிக் குடும்பத்துக்கு இருந்தது ஒரே குழி. அதில் பதினோரு வருஷமாக மகன் ஜெபஸ்டின் கிடந்தான்.

"என்ற புள்ளயத் தோண்ட உடமாட்டேன். அவருக்கு வேற எங்கயாச்சும் பாருங்க," என்றாள் வேளாங்கண்ணி.

அந்தக் கோபத்தின் வேர் மகள் அக்சிலியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

தோமினிக் லாரி டிரைவர். காலாண்டு லீவில், ஒன்பது வயது ஜெபஸ்டின் தானும் குஜராத் லோடுக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "கேபின்ல எடமில்ல சாமி, அடுத்த நடைக்குப் போலாம்," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். இடமா இல்லை? அந்த நடைக்குக் கிளீனர்கூட வரவில்லை. வழியெல்லாம் பையனைப் பார்த்துக்கொள்ள மனுஷனுக்குச் சோம்பல், அவ்வளவுதான். அவர் சூரத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது இங்கே டெங்கு பையனைக் கொண்டுபோய்விட்டது. வந்து சேர்ந்தபோது குழியை மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு வேளாங்கண்ணி அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அக்சிலியா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அக்சிலியா நர்ஸ். வேலைக்கு ஜெர்மனி போவதற்காக அந்த மொழி படித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் சேலத்து வகுப்பில் சபரிநாதன் சார் 'ரௌம்' என்று பலகையில் எழுதினார். அறைக்கும் அதுதான், இடத்துக்கும் அதுதான், நட்சத்திரங்கள் கிடக்கிற வெளிக்குப் பேர் வைக்கவும் அதையேதான் ஒட்டிக்கொள்கிறார்கள் என்றார். ஆனால் ஆதியில் அது சும்மா கிடக்கிற இடத்துக்கு வைத்த பேர் இல்லையாம். காட்டை வெட்டி, வேரைத் தோண்டி, குடியிருக்க ஒழித்தெடுப்பதற்கும் அப்படி ஒழித்தெடுத்த மண்ணுக்கும் அந்தப் பேராம். பரீட்சைக்கு வருமோ என்று அக்சிலியா குறித்துக்கொண்டாள். இப்போது ஃப்ரீசர் பெட்டியில் அப்பா கிடக்க, அந்தக் குறிப்புதான் அவளைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எடம் தானா இருக்காதாம்மா. யாராச்சும் ஒழிச்சுக் குடுத்தாத்தான் உண்டாம். ஜெர்மன் வகுப்புல சொன்னாங்க. அப்பா அன்னிக்கு ஒழிச்சுக் குடுக்கல. இன்னிக்கு நீயும் குடுக்க மாட்டயா?"

வேளாங்கண்ணி மகளை முறைத்தாள். பிறகு எழுந்துபோய் பீரோவைத் திறந்து, தோமினிக் கிறிஸ்மஸுக்கென்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வேட்டியை எடுத்துவந்தாள்.

"எலும்பக் கட்ட இதைக் குடு," என்றாள்.

மத்தியான வெயிலில் ரங்கன் குழியைத் தோண்டினார். ஊரில் பாதிப் பேருக்குக் குழி வெட்டியவர் அவர். கிடைத்ததைப் பொறுக்கி வேட்டியில் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு சோற்று மூட்டை அளவுக்கு இருந்தான். அக்சிலியாவால் பார்க்க முடியவில்லை, திரும்பிக்கொண்டு அழுதாள். சாமியார் ஜெபம் முடித்தார். பெட்டியை இறக்கக் கயிறு போட்டார்கள்.

"ஏனுங்க ரங்கண்ணா, கால்மாட்டுல வெக்காதீங்க," என்றாள் வேளாங்கண்ணி. "பெட்டியத் தொறங்க. அவரு பக்கத்துல வெய்ங்க."

ரங்கன் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மாலையும் தலையணையுமாகப் பெட்டி நெருக்கமாக இருந்தது.

"இதுல எடமில்லீங்களே அம்மிணி."

வேளாங்கண்ணி மண்ணில் மண்டியிட்டாள். மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். தலையணையை உருவினாள். விறைத்திருந்த கையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல விலக்கினாள். ரங்கனிடமிருந்து மூட்டையை வாங்கி, அந்த இடத்தில் வைத்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"கொஞ்சம் நவுந்துக்குங்க. பையன் வந்திருக்கறான்."