சோப்புப் போட்டுக் கழுவிய சோதனை

எகிப்தின் அஸ்யூத் நகரச் சாலை ஆய்வகத்தின் தலைவர் பஸ்யூனிக்கு அன்று கல்யாண மாப்பிள்ளை என்ற நினைப்பு. தார் போடும் முன் ஜல்லித் தளத்தில் ஊற்றி ஊறவைக்கிறார்களே பிரைமர், அதை மண்ணெண்ணெய் கலக்காமல், தாரும் தண்ணீரும் சேர்ந்த எமல்ஷனாகவே செய்திருந்தார். கெய்ரோவிலிருந்து வரும் குழுவின் கண்முன் அது ஊறிவிட்டால் புதிய பாலைவனச் சாலைக்கு அதுதான், அந்த வேலைக்குத் தலைமையும் அவர்தான். ஊறாவிட்டால் பழையபடி மண்ணெண்ணெய், பழையபடி இந்த ஓட்டை நாற்காலி.

காலையிலேயே ஆய்வகத்தைப் பெருக்க வைத்தார். தூசிக்கே அது அதிர்ச்சியாக இருந்திருக்கும். துணை இஞ்சினியர் சப்ரியின் மேஜையைக் கண்டு, மாட்டுத் தொழுவம் தேவலை என்று திட்டினார். யாரையும் நம்பாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த சோப்பைப் போட்டுக் கண்ணாடிக் குவளைகளைத் தானே தேய்த்தார். குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்ததால் அலசியதுதான் அரைகுறை.

குழுத் தலைவி டாக்டர் இல்ஹாம் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் முன்னால் பஸ்யூனி எமல்ஷனைக் குவளையில் அளந்து, ஹலாவா இனிப்பு வந்த காலி டப்பாவில் இடித்து இறுக்கிய ஜல்லித் துகள் மேல் ஊற்றினார். அது கெட்டுப்போன பால் மாதிரி திரிந்து விழுந்தது. தண்ணீர் மட்டும் உள்ளே போயிற்று. மேலேயே உட்கார்ந்துவிட்ட தாரை இல்ஹாம் கத்தி முனையால் அடை மாதிரி பெயர்த்தெடுத்தார்.

பயம் வந்தால் பஸ்யூனிக்குத் தோன்றும் யோசனை ஒன்றே ஒன்றுதான்.

"குவளை எல்லாம் சப்ரி பொறுப்பு மேடம். இவன் எதையும் ஒழுங்கா கழுவ மாட்டான்."

சப்ரி குவளையை முகர்ந்து பார்த்தான். சோப்பு வாசனை அடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"எங்க தலைவர் சொல்றது நிஜம்தான் மேடம், நான் கழுவவே மாட்டேன். இந்த எமல்ஷனுக்கு சோப்பு ஆகாது. துளி பட்டாலும் திரிஞ்சுடும். என் குவளையில ஊத்திப் பாருங்க."

அப்படியானால் இதைக் கழுவியது யார் என்று இல்ஹாம் கேட்டார். அங்கிருந்த எல்லோருக்கும் திடீரென்று மின்விசிறியின் மேல் அக்கறை பிறந்தது. பஸ்யூனியும் அண்ணாந்து அதைத்தான் பார்த்தார். ஆனால் அவர் சட்டைக் கை இரண்டிலும் முழங்கை வரை சோப்பு நுரை காய்ந்து படிந்திருந்தது.

சப்ரியின் தார் படிந்த குவளையிலிருந்து அதே எமல்ஷனை அடுத்த டப்பாவில் ஊற்றினார்கள். குழு கொஷாரி சாப்பிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்து வெட்டிப் பார்த்தபோது, கறுப்பு ஒரு நக அளவுக்கு உள்ளே இறங்கியிருந்தது.

பஸ்யூனிக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பிரைமர், செய்தவரைவிட நல்லது. சாலைக்கு இதுதான் என்று இல்ஹாம் அவர் கையைக் குலுக்கினார். பிறகு சப்ரியின் பக்கம் திரும்பி, பாலைவனத்துக்கு எப்போது கிளம்ப முடியும் என்று கேட்டார்.

"மேடம், அப்ப நான்?" என்றார் பஸ்யூனி.

"நீங்க இங்கயே இருங்க. ஆய்வகத்தை இவ்வளவு சுத்தமா வெச்சுக்க வேற யாரு இருக்கா?"