பேரத்தில் போன இரண்டு தொட்டிகள்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் இலக்கிய ஆசை இல்லை. ஒரு கூட்டத்தில் நான் மிக நன்றாகப் பேரம் பேசிவிட்டேன். அதுதான் காரணம்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓர் ஊர். (பெயரை எழுதி அடித்துவிட்டேன், அந்த நகரசபையில் நானும் உறுப்பினன்.) வருஷம் 1938. முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வெள்ளிச் சரிகைபோல ஆறு நெளிந்து...'

சரிகையாவது, மண்ணாவது! ஊர்ச் சாக்கடை முழுவதும் அதில்தான் விழுந்துகொண்டிருந்தது.

2

முதல் பிரதியில் ஓவர்சீயர் சுவாமிநாதனைக் கோமாளியாக்கினேன். அப்போதுதான் நான் தப்பிக்க முடியும். ஆனால் அவர் கோமாளி இல்லை. நகரசபைக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து, சாக்கடைத் தண்ணீர் ஆற்றில் விழுமுன் நாலு தொட்டிகளில் வரிசையாகத் தேங்கித் தெளிய வேண்டும் என்றார்.

உறுப்பினர்களான நாங்களோ நூல் வியாபாரிகள். விலை சொல்கிறவன் இரட்டிப்பாகச் சொல்வான், கேட்கிறவன் பாதியில் ஆரம்பிப்பான். எங்களுக்குள் அது ஒரு மரியாதை.

"ரெண்டுல முடிச்சுக்குங்க" என்றேன்.

"நாலு வேணுங்க. ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கற கீழூர்ச் சனம் ஆத்துல ஊத்துத் தோண்டிக் குடிக்குதுங்க."

"ஏனுங்க, கீழூர்லதான் பொண்ணு எடுக்கறீங்களா?" என்றார் இன்னோர் உறுப்பினரான சென்னிமலை. சபை சிரித்தது.

சுவாமிநாதன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். எங்கள் கடைவீதியில், எழுந்து போகிறவன் விலையில் இறங்கி வரப்போகிறவன்.

"அட, உக்காருங்க. ரெண்டுன்னு எழுதிக்குங்க" என்றேன்.

"நான் கூட்டிச் சொல்லலீங்க. வேணுங்கறதைத்தான் சொன்னேன்."

அப்படிச் சொல்லாத வியாபாரி யார்? தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.

(இடையில் ஒரு வார்த்தை: அவர் எட்டு என்று பொய் சொல்லியிருந்தால் நாலு கிடைத்திருக்கும். பொய் சொல்லத் தெரியாததற்காக அவர்மேல் கோபப்பட இன்றுவரை முயல்கிறேன். வரமாட்டேன் என்கிறது.)

3

இரண்டு தொட்டிகள் எழும்பின. சேறு அள்ள ஒன்றை நிறுத்தினால், மற்றது பொங்கி வழிந்து அப்படியே ஆற்றில் கலந்தது. மறு வருஷம் கீழூரில் வாந்திபேதி.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதி, இரண்டு முறை குறைத்தேன். கைப்பழக்கம். இப்போது எண்ணே எழுதவில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் அங்கே போனேன். நகரசபைக்காரன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆற்று மணலில் உண்ணாமலை என்ற குடியானவப் பெண் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள். மூத்த மகள் குஞ்சம்மாளைப் பேதியில் பறிகொடுத்தவள். இளைய மகள் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"எம்பட தப்புத்தானுங்க, சாமி. இன்னும் ரெண்டு முழம் ஆழமாத் தோண்டியிருந்தா நல்ல தண்ணி வந்திருக்கும். சோம்பல் பட்டுப்போட்டேன்."

மண்வெட்டி பிடித்த கை முழுக்கக் கொப்புளம்.

4

முதல் முடிவு: உண்மையைச் சொல்லி அவள் காலில் விழுகிறேன். (நாடகம். அடித்தாயிற்று.)

இரண்டாம் முடிவு: அடுத்த கூட்டத்தில் எழுந்து, மீதி இரண்டு தொட்டிகளையும் கட்டியே தீர வேண்டும் என்று நான்...

(எழவில்லை.)

நடந்தது இது. அவள் ஒரு செம்பில் ஊற்றுநீரை மொண்டு நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க, சாமி."

"தாகமில்லீங்க" என்றேன்.

"சரிங்க" என்று செம்பை இளையவள் பக்கம் திருப்பினாள்.

கதையை இங்கே பிடித்து நிறுத்தியிருக்கிறேன். சின்னவள் கை நீட்டிவிட்டாள். செம்பு இன்னும் அவள் உதட்டைத் தொடவில்லை. எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நிற்கிறீர்களே, நீங்களாவது அந்தச் செம்பை...