கடைசி ஆள் இறங்கும்வரை

சீதேவிப்பிள்ளை மாமி, கரடியனாற்று வட்டையிலிருந்து எடுப்பித்த வயல்மண்ணில் ஒரு சிட்டிகையைக் கரண்டித் தண்ணீரில் கரைத்து, தம்பி வினாயகமூர்த்தியின் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீர் கடைவாயால் வழிந்து தலையணையில் ஊறியது. மகள் கஜானி துவாயால் துடைத்தாள். அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற பதினாறு பேரும் அப்பாவின் வாயையே பார்த்தார்கள்.

"மண்ணாசையும் இல்லப் போல" என்றாள் மாமி. பொன்னாசையை நேற்றே பார்த்தாயிற்று. தன் தோட்டை உரைத்துப் பாலில் கொடுத்திருந்தாள்.

வினாயகமூர்த்தியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று நாள். அன்றே முடிந்துவிடும் என்றார்கள். தன்னாமுனை ஊரில் பாதி வந்து பார்த்துவிட்டது. அவரோ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் கிடந்தார். இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஒன்று மனதில் பாக்கி என்று அர்த்தம். அது என்ன என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

"வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? சின்ன வயசிலயும் இப்பிடித்தான்கா. வாய்க்குள்ள கொழுக்கட்டையா வெச்சிரிக்காய் எண்டு ஆத்தா ஏசுவா" என்று மாமி மூக்கைச் சிந்தினாள்.

மட்டக்களப்புக்கும் வாகரைக்கும் இடையில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர் அவர். அத்தனை சனத்தை ஏற்றி இறக்கியும் ஒருவரோடும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. கல்லுளிமங்கன், பெருமைக்காரன் என்று ஊர் தாராளமாகப் பட்டம் கொடுத்தது. மகள் நேர்மாறு. அப்பனுக்கும் சேர்த்துப் பேசப் பிறந்தவள் என்று கஜானிக்குப் பெயர்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த மூன்று நாளும் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் அவளுடைய கலியாணத்தன்று, படம் எடுக்கிற நேரம் பார்த்து அப்பாவைக் காணவில்லை. தேடினால் பின்வளவில், கிணற்றடியில் தனியாக இருந்தாராம். மாப்பிள்ளை சதீசனைப் பிடிக்கவில்லை, அதுதான் என்றது சனம். அவளும் நம்பினாள். அப்பா அவள் வீட்டுக்கு வருவார், உடைந்த குழாயைத் திருத்துவார், தேத்தண்ணி குடிப்பார், போய்விடுவார். ஒரு சொல் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்காமல் அவரை விட அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்பா, என்னில கோவமா? ஓம் எண்டாலும் சொல்லுங்க" என்று மறுபடியும் காதுக்குள் கேட்டாள். அதற்குள் மாமி சுவிஸிலிருந்து வந்த வீடியோ அழைப்பைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். போனுக்குள் நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அப்பாவின் மூடிய இமைகள் இன்னும் இறுகின. கஜானி அதைக் கண்டாள்.

மத்தியானம் ஏறாவூரிலிருந்து ஆதம்பாவா காக்கா வந்தார். அப்பாவின் பஸ்ஸில் கடைசிவரை நடத்துநராக இருந்தவர். அவர் கதைக்கிற கதையில் வாகரை வரைக்கும் பஸ்ஸே சிரிக்கும். அவர் பஸ் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அப்பா பஸ்ஸை எடுப்பார். வந்தவர் அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே அந்த வாசலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார்.

கஜானி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "உள்ள வாங்க காக்கா. உங்களோடயாவது பேசுறாரா பாப்பம்."

"என்னோட அவர் எப்ப புள்ள பேசின? நான் பேசுவன், அவர் கேப்பார்."

"உங்களுக்குக் கோவம் வராதா?"

"ஏன் கோவம்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "வாகரையில பஸ் நிண்டா, கடைசி ஆள் இறங்குற வரைக்கும் அவர் சீட்ட விட்டு அசைய மாட்டார். மறுகா என்னப் பாப்பார். நானும் கடைப்பக்கம் போயிருவன். கால் மணித்தியாலம் தனிய இருந்திட்டுத்தான் இறங்குவார். இவ்வளவு சனத்துக்கு நடுவுல அவர் எப்பிடிப் புள்ள இறங்குவார்?"

கஜானி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கட கலியாணத்தண்டும் கிணத்தடியில நான்தானே அவரக் கண்ட. தனிய இருந்து சிரிச்சிட்டு இரிந்தார். சந்தோசம் எண்டாலும் அவருக்குத் தனிய இரிக்கணும்."

எட்டு வருடமாக இதை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் ஆதம்பாவாவிடம் கேட்கவில்லை. நேரே அறைக்குள் போனாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க."

"என்னகா சொல்லுறாய்? சாகக் கிடக்கிற மனிசனத் தனிய விடுறதா? ஊர் காறித் துப்பும்" என்றாள் மாமி.

"துப்பட்டும் மாமி. எழும்புங்க."

பெற்ற மகளா இவள் என்ற முணுமுணுப்போடு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மாமி மண் ஒட்டிய கரண்டியோடு கடைசியாகப் போனாள்.

இனி அவள் மட்டும். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். கடைசி மூச்சின்போது தான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் மூன்று நாளாக அவள் குளிக்கக்கூடப் போகவில்லை. காலை விடக் கை மறுத்தது. கேள்வி நுனிநாக்கில் நின்றது. அதை விழுங்கினாள்.

"நான் வெளிய இரிக்கன் அப்பா."

அவள் வெளியே வந்ததும் ஆதம்பாவா அவளைத் தாண்டி அறைக்குள் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கை பழக்கத்தில் எழும்பி, வாசல் நிலையில் இரண்டு தட்டுத் தட்டியது.

கஜானி படியில் இருந்தாள், எழும்பினாள், மறுபடியும் இருந்தாள். முற்றத்தில் போன்கள் அடித்தன. மாமியின் புலம்பல் ஓயவில்லை. போனில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து, சரியாகக் கால் மணித்தியாலம் கழித்து உள்ளே போனாள்.

மூன்று நாள் சுவரைப் பார்த்திருந்த முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. மார்பு அசையவில்லை.

அழுகை வெளியே கேட்டால் அத்தனை பேரும் ஓடி வருவார்கள்.

"என்னகா, ஏதும் சொன்னானா?" என்று முற்றத்திலிருந்து மாமி கேட்டாள்.

கஜானி துவாயை வாயில் அழுத்திக்கொண்டு, உள்ளே நின்றபடி ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள்.