வள்ளி வாங்கிய லேத்

பழைய இரும்புக்காரனின் லோரி வந்து நின்றபோது, புஷ்பவள்ளி அந்த லேத்தின் மேல் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து ரப்பர் ஆலையை மூடிவிட்டார்கள். மரங்களை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டாகிவிட்டது, இனி அந்த ஆலை எதற்கு? ஆலைப் பட்டறையில் கிடந்ததை எல்லாம் எடை போட்டு அள்ளிப் போகத்தான் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஆள் வந்திருந்தான். கூடவே ஒரு சம்மட்டிக்காரன். அவ்வளவு பெரிய இயந்திரத்தை முழுசாகத் தூக்குவது பெரிய பாடு. உடைத்து ஏற்றிவிட்டால் வேலை சுலபம்.

"ஏம்மா, எந்திரி. அவங்க வேலையப் பாக்கட்டும்," என்றார் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தேவதாஸ். "வேணும்னா ஒன் வீட்டுக்காரர வரச் சொல்லு, பேசிக்கலாம்."

"எனக்கு வீட்டுக்காரர் இல்லீங்கய்யா."

"அப்ப யாருக்கு வாங்குற?"

"எனக்குத்தான்."

"இது தையல் மிஷின் இல்லம்மா."

"தையல் மிஷின் வீட்ல இருக்குங்கய்யா. இதுதான் இல்ல."

சம்மட்டிக்காரன் சிரித்துவிட்டான். கிராணிக்குச் சிரிப்பு வரவில்லை. வள்ளி கடைசிக் கவளத்தை வாயில் போட்டு, போத்தல் தண்ணீரில் கையைக் கழுவி, மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எடைக்கு வரும் விலையைவிடக் கூடத் தருகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். ஒரு பெண்ணை இழுத்துப் போட அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. மேனேஜரின் ஜீப் வரும் நேரம் வேறு. வெயில் ஏற ஏற கிராணிக்கு வியர்த்தது. கடைசியில், "எடுத்துத் தொலை!" என்று கையை உதறிவிட்டு ஆபீசுக்குள் போனார். வள்ளி அதே லோரிக்காரனிடம் கூலி பேசி, அதே சம்மட்டிக்காரனைக் கொண்டு இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டி, லேத்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள்.

ரவாங்கில் தண்ணீர்க் குழாய்த் திருகு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவள் ஒன்பது வருஷம் லேத் ஓட்டியவள். முதலில் பொட்டலம் கட்டத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் ஆள் வரவில்லை என்று போர்மேன் அவளை மிஷினில் நிறுத்தினார், அப்படியே நின்றுவிட்டாள். பித்தளை சுருள் சுருளாகக் கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குப் பசி தெரியாது. எண்பத்தாறில் வேலை படுத்தது. ஆள் குறைப்பு என்றார்கள். முதல் பட்டியலில் முழுக்கப் பெண்கள். "ஆம்பளைங்களுக்குக் குடும்பம் இருக்குலா," என்று போர்மேன் சமாதானம் சொன்னார். தனக்குக் குடும்பம் இல்லை என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று அவள் கேட்டாள்.

கோலசிலாங்கூர்ப் பக்கம் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து ஓரத்தில் இருந்த பலகை வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பா காலத்து வீடு. அண்ணன் சேது, அண்ணி கங்கா, அவர்களுடைய பிள்ளைகள். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் முப்பத்தைந்து வயதுத் தங்கை வீட்டில் சும்மா இருப்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். சுங்கை பெசாரில் உமாபதி என்று ஒருவர், பெண்டாட்டியை இழந்தவர், வயல் உழும் தொழில், நல்ல இடம் என்று பேசி முடித்தே விட்டார். வள்ளியிடம் கேட்கவில்லை.

லோரியைப் பார்த்ததும் சேது வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்ன இது?"

"லேத்து."

"ஏது டுயிட்டு? யாரு குடுத்த காசு?"

"அம்மா எனக்குன்னு வச்சிருந்த சங்கிலிய வித்துட்டேன்."

சேது தலையில் அடித்துக்கொண்டார். "கழுத்துல போட வேண்டியத வித்துத் துருப்பிடிச்ச இரும்பு வாங்கியிருக்கியா? ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"என் சங்கிலி. என் புத்தி. வழிய விடுங்கண்ணே, லோரிக்காரருக்கு நேரமாவுது."

வீட்டுக்குப் பின்னால், அப்பா மாடு கட்டியிருந்த கொட்டகையில் இறக்கினார்கள். தரை புதையாமல் இருக்கப் பழைய ரயில் கட்டைகளை அடியில் போட்டிருந்தாள். முன்கூட்டியே கட்டைகள் வந்து கிடந்ததை அப்போதுதான் கவனித்த அண்ணி, வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு வள்ளிக்கு விடிவதும் அடைவதும் கொட்டகையில்தான். துருவின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தாள். அசையவே மாட்டேன் என்று இறுகிக் கிடந்த திருகுகளோடு மல்லுக்கு நின்றாள். ஒரு திருகு இன்று இளகாது, நாளையும் இளகாது, மூன்றாம் நாள் லேசாக முனகும். அந்த முனகலைக் கேட்டால் அவளுக்கு அன்றைக்குப் பொங்கல். தலைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே குளவிக்கூடு. ஒரு பல்சக்கரத்தில் இரண்டு பல் போயிருந்தது. டவுனில் வெல்டிங் கடையில் அந்த இடத்தைப் பித்தளையால் நிரப்பச் செய்து, பக்கத்துப் பல்லை அளவாக வைத்து, அரத்தால் ராவி ராவிப் புதுப்பல் எடுத்தாள். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப் போயிற்று. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பக்கம், வெட்டுளி நகரும் தடம் நன்றாகத் தேய்ந்திருந்தது. அதைச் சரி செய்ய அவளிடம் வழி இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவித் தடவித் தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி வெட்டப் பழகிக்கொண்டாள்.

பச்சைப் பெயிண்ட் அடித்து முடித்த அன்று, கம்பத்துப் பெண்கள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். "என்ன வள்ளி, மாப்பிள்ளைய அலங்காரம் பண்ணிட்டியா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா அக்கா. வாய் பேசாத மாப்பிள்ள. ஒனக்கும் ஒண்ணு பாக்கவா?"

நெல் ஆலையில் கழித்துப் போட்ட மோட்டர் ஒன்றை வாங்கி மாட்டி, வீட்டிலிருந்து ஒயர் இழுத்தாள். சாயங்காலம் சுவிட்சைப் போட்டாள். லேத் உறுமிக்கொண்டு சுற்றியது. அதே நேரம் வீட்டுக்குள் விளக்கு மங்கி, டிவியில் பந்தாட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு கோடாகப் போயிற்று. கோல் விழுகிற நேரம்.

சேது எழுந்து வந்தார். கையில் கொறடு. மெயினை அடைத்துவிட்டு, கொட்டகைக்குப் போன ஒயரை வெட்டிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம உமாபதி வர்றாரு. அதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. பொம்பள மாதிரி சீலையக் கட்டிட்டு வந்து நில்லு."

வள்ளிக்கு அழுகை வந்தது. அதை அண்ணன் பார்க்கக் கூடாது என்று லேத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவர் போன பிறகும் வெகு நேரம் அப்படியே நின்றாள். பிறகு முகத்தைக் கழுவினாள்.

மறுநாள் காலை பஸ் ஏறி சுங்கை பெசாருக்குப் போனாள். விசாரித்து விசாரித்து உமாபதியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவர் முற்றத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உழவு வண்டிச் சக்கரத்தில் சேறு சுரண்டிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, சாந்தமான முகம்.

"நான் புஷ்பவள்ளி. சேதுவோட தங்கச்சி."

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டார். "நாளைக்கு நாங்கல்ல வர்றதா இருந்தோம்…"

"அதுக்குத்தான் வந்தேன். நீங்க அங்க வந்து பலகாரம் சாப்பிட்டு, அப்புறம் நான் மாட்டேன்னு சொன்னா ஒங்களுக்கு அவமானம். எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல. ஒங்க மேல ஒரு குறையும் இல்லீங்க. யாரும் என்னக் கேக்கல, அவ்வளவுதான்."

உமாபதி தலையைச் சொறிந்தார். "என்னையும் அக்காதான் பேசி முடிச்சிச்சு," என்றார். குரலில் வருத்தம் இருந்ததா நிம்மதி இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "தண்ணி ஏதாச்சும் குடிக்கிறீங்களா?"

வீட்டுக்குப் பின்னால் வாழை அடியில் ஓர் உழவு வண்டி இஞ்சின் தார்ப்பாயில் பாதி மூடிக் கிடந்தது. அவள் கண் அங்கே போய் நின்றுவிட்டது.

"அது ஓடுமா?"

"எது? அதுவா? ஓடும். வண்டிதான் ஒடஞ்சு போச்சு. இஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

"டீசலா?"

"டீசல்தான்."

"விப்பீங்களா?"

உமாபதி அவளைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். "அப்ப… நான் வேணாம், இஞ்சின் மட்டும் வேணுமா?"

"ஆமாங்க."

மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "நாளைக்கு நானே கொண்டாந்து எறக்குறேன்," என்றார். "எப்படியும் அந்தப் பக்கம் வர்றதா இருந்த ஆளுதானே."

ஞாயிற்றுக்கிழமை சேது வேட்டி கட்டி விபூதி பூசி வாசலில் நின்றார். உமாபதியின் லோரி வந்தது. பழத்தட்டு இல்லை, அக்கா இல்லை. பின்னால் இஞ்சின் மட்டும் கயிற்றில் கட்டி இருந்தது. "மன்னிச்சிருங்க. தங்கச்சி வந்து பேசிட்டாங்க," என்று உமாபதி மரியாதையாகச் சொல்லிவிட்டு, கொட்டகை எங்கே என்று கேட்டார். சேது கை நீட்டிக் காட்டவில்லை. வள்ளியே வந்து காட்டினாள்.

அடுத்த வாரமே இஞ்சின் டுப் டுப் என்று அடிக்க ஆரம்பித்தது. கொட்டகைக்கு வெளியே அதை நிறுத்தி, பெல்ட்டை உள்ளே இழுத்திருந்தாள். மோட்டரின் சத்தமாவது கொட்டகையோடு நின்றது. இஞ்சின் சத்தமோ வாய்க்காலைத் தாண்டிப் போனது. கம்பத்துக் கோழிகள் எல்லாம் ஒரு பக்கமாக ஓடின.

அந்தச் சத்தம்தான் பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிப் படகு வைத்திருந்த சீன முதலாளி தவுக்கே ஆ கியோங்கைக் கொண்டுவந்தது. படகின் காற்றாடித் தண்டு சுற்றும் பித்தளை வளையம், புஷ், தேய்ந்து போய், கிள்ளானுக்கு அனுப்பினால் ஒரு வாரம் ஆகும், படகு கரையில் நிற்கிறது. ஆள் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றாள். தவுக்கே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"போலே கா?" முடியுமா என்று மலாயில் சந்தேகமாகக் கேட்டார்.

"போலே," என்றாள் வள்ளி.

பித்தளையை மாட்டி வெட்டத் தொடங்கினாள். மஞ்சள் சுருள்கள் காலடியில் விழுந்தன. பாதி வேலையில் சேது வந்து கொட்டகை வாசலில் நின்று கத்தினார். வாய் அசைந்தது, கை ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது. இஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டை நடுவில் நிறுத்தினால் பித்தளையில் தழும்பு விழும். அவள் நிறுத்தவில்லை. முழுதாக முடித்து, அளவு பார்த்து, பிறகுதான் இஞ்சினை அடக்கினாள்.

"என்னண்ணே சொன்னீங்க?"

அத்தனையையும் மறுபடி கத்த அவருக்குத் தெம்பில்லை. அதுவும் தவுக்கே முன்னால்.

"நீ வேற அடுப்பு வச்சிக்க," என்றார். குரல் உடைந்திருந்தது. "இனிமே என் அடுப்புல ஒனக்குச் சோறு இல்ல."

அது அவள் எதிர்பார்க்காத அடி. அப்பா இறந்த பிறகும் பிரியாத அடுப்பு அது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரிண்ணே," என்றாள். அன்று சாயங்காலமே கொட்டகையின் ஒரு மூலையில் கல் கூட்டிக் கஞ்சி வைத்தாள். கஞ்சியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. குடித்தாள்.

புஷ் சரியாகப் பொருந்தியது. ஆ கியோங் ஒரு கூடை இறால் கொண்டுவந்து கொடுத்தார். பின்னாலேயே வேறு படகுக்காரர்கள் வந்தார்கள், உழவு வண்டிக்காரர்கள் வந்தார்கள். உமாபதியும் வந்தார், வேலைக்காக மட்டும். கங்கா அண்ணி பிள்ளைகளை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அடக்கி வைத்திருந்தாள். ஆனாலும் இறாலில் பாதியை வள்ளி சமையற்கட்டு ஜன்னலில் வைத்தபோது, திருப்பி அனுப்பவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் வள்ளி சாலை ஓரத்தில் பலகை நட்டாள். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் தன் பெயரை எழுதச் சொல்லியிருந்தாள். சேது நின்று வாசித்தார். மாதக்கணக்கில் பேசாதவர் அன்று பேசினார்.

"அப்பா பேராச்சும் முன்னால போட்டிருக்கலாம்லா. பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"பொம்பள ஓட்டுற லேத்துன்னு நெனப்பான்," என்றாள் வள்ளி, ஆணியைக் கடைசி அடி அடித்து இறக்கியபடி.