கருத்தக்கண்ணனின் இடதுகால் பூட்ஸ்

ஆயுத பூஜையன்று காலை பதினோரு மணிக்கு, ஆரப்பாளையம் வைகைக்கரை கால்பந்துக் குழுவின் அறையில் இருந்தவர்கள்:

குழுத் தலைவர் ஸ்ரீராம்குமார், பள்ளிக்கூட வாத்தியார். பெண்கள் அணித் தலைவி சத்யப்ரியா. அறைச் சாவிக்குப் பொறுப்பாளன் அழகுபாண்டி, ஷேர் ஆட்டோ டிரைவர். அவன் தம்பி சூரியபிரகாஷ், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் உதவியாளன். டூட்டி முடிந்து நேராக வந்தவன், இன்னும் தூங்கவில்லை. சிறப்பு விருந்தினர் கருத்தக்கண்ணன்; ஆள் வந்து சேரவில்லை, ஆனாலும் நோட்டில் முதல் பெயர் அவனுடையதுதான். கடைசியாக, சிவப்புத் துணி விரித்த ஸ்டூலின் மேல், கருத்தக்கண்ணனின் இடதுகால் பூட்ஸ்.

பூட்ஸையும் வருகைப் பதிவில் எழுதுவது இருபத்திரண்டு வருஷ வழக்கம்.

மற்ற இடங்களில் ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் லாரிக்கும் பொட்டு வைப்பார்கள். இந்த அறையில் பந்துகளுக்கும் காற்றடிக்கும் பம்ப்புக்கும் விசிலுக்கும் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒற்றைப் பூட்ஸுக்கு. சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டுவார்கள். பழைய பூச்சைக் கழுவ மாட்டார்கள். அதன் மேலேயே புதுசு. உள்ளே கைவிட மாட்டார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தை அழகுபாண்டி போட்டான், மற்றவர்கள் கும்பிட்டுக்கொண்டார்கள்.

இந்த வருஷம் பூட்ஸுக்கு உரியவனே வருகிறான் என்பதால் அழகுபாண்டி சட்டத்தைத் தளர்த்தினான். "கழுவிப் பளிச்சுன்னு வையிடா, அண்ணன் பாத்தா சந்தோசப்படணும்" என்று காலை ஏழு மணிக்குத் தம்பி கையில் கொடுத்துவிட்டு சவாரிக்குப் போய்விட்டான். அதுதான் வினையாகப் போனது.

சூரியபிரகாஷுக்கு அந்தப் பூட்ஸின் கதை மனப்பாடம். தெருவில் யாருக்குத்தான் இல்லை. டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து இந்தக் குழுவுக்கு ஆடியவன் கருத்தக்கண்ணன். வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி வந்து, இடது காலால் அடிப்பான். என்ன செய்யப்போகிறான் என்று எதிராளிக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியாது. கோரிப்பாளையத்து ஆட்கள் எதிரணிக்குக் கத்த வந்துவிட்டு, அவன் காலில் பந்து ஏறியதும் எழுந்து நிற்பார்கள். மற்ற தெருப் பையன்கள் சுவரில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் படம் ஒட்டியிருந்தார்கள். இந்தத் தெருப் பையன்களுக்கு அது தேவைப்படவில்லை. படத்தில் இருப்பவன் வியர்வை நாறாது. இவனுடையது நாறும். ஆட்டம் முடிந்து முக்குக் கடையில் டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் நின்று, அந்த நாற்றத்தை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

2002இல் ஒரு கோப்பைக்கான இறுதி ஆட்டம். எதிரணி சென்னையிலிருந்து வந்த ஓர் அலுவலக அணி. ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தபோது கடைசி நிமிஷத்தில் நமக்கு பெனால்டி. கருத்தக்கண்ணன் பந்தை வைத்தான். பத்தடி பின்னால் போனான். வலது காலால் அடித்தான். பந்து, கைக்குழந்தைக்கு உருட்டிவிட்டதுபோல, நேராகக் கோல்கீப்பரின் மடிக்குப் போனது. அதன் பிறகு கூடுதல் நேரத்தில் தோற்றார்கள்.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. இடைவேளைக்கு முன்பே இடது கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுவிட்டதாம். யாரிடமும் சொல்லாமல் ஆடியிருக்கிறான். அதனால்தான் வலது காலால் அடித்தான். உடை மாற்றும் அறையில் கால் வீங்கிப் பூட்ஸ் கழற்ற வராமல், கத்தி வைத்துக் கிழித்து எடுத்தார்கள். கிழிந்த பூட்ஸைப் பார்த்து ஆம்பளைகள் அழுதார்கள். ஒரு வாரம் தெருப் பையன்கள் அத்தனை பேரும் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். பதினோரு வயது சூரியபிரகாஷ் ஒரு மாசம் அப்படி நடந்து, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினான்.

அழகுபாண்டிக்கு அப்போது இருபத்தொன்று. போலீஸ் தேர்வில் ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடித்து, நன்னடத்தை விசாரணைக்குக் காத்திருந்தான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன், "ஒங்க ஆளு வெல போயிட்டான்யா" என்றான். அழகுபாண்டி அவன் தாடையைப் பெயர்த்தான். வழக்குப் பதிவானது. வழக்கு உள்ளவனுக்குப் போலீஸ் வேலை கிடையாது. ஆறு வருஷம் இழுத்து விடுதலையானபோது வயசு தாண்டியிருந்தது. ஒரு நாளும் அதற்காக அவன் வருத்தப்பட்டுப் பேசியதில்லை. "அண்ணனுக்குத் தெரியும்டா" என்பான், கருத்தக்கண்ணனை நினைத்து. அதை வைத்துத்தான் அவன் இத்தனை வருஷம் ஓட்டினான்.

கருத்தக்கண்ணன் ஆறே மாசத்தில் அதே அலுவலக அணிக்கு ஆடினான், அதே அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. கால் உடைந்த மனுஷனுக்கு எதிராளியே வேலை கொடுத்திருக்கிறான், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் பார் என்று தெரு அதையும் பெருமையாகச் சொன்னது. ஆறு மாசத்தில் ஓடுகிற அளவுக்கு எலும்பு எப்படிக் கூடியது என்று ஒரு மடையனும் கேட்கவில்லை. சூரியபிரகாஷும் கேட்கவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்தான். இருபத்திரண்டு வருஷச் சந்தனம் சிமென்ட் மாதிரி பெயர்ந்தது. கிழிசல் தெரிந்தது. வெளிப்பக்கம், விளிம்பிலிருந்து அடிவரை, ஒரே கோடாக.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்தான் அவன். ஆனால் ஒன்பது வருஷமாக ராத்திரி ராத்திரி விபத்தில் வருகிறவர்களின் ஷூவை அறுத்துக் கழற்றுவது அவன் வேலை. முதலில் கயிற்றை வெட்ட வேண்டும். பிறகு கயிறு இருந்த இடத்தோடு மேலாகத் திறக்க வேண்டும். இதில் கயிறு வெட்டுப்படவில்லை, பழைய முடிச்சு அப்படியே இருந்தது. விரலை உள்ளே விட்டான். உள்ளே பாதம் பதிகிற தோலில், கிழிசலுக்கு நேராக, நீளமாக ஒரு வெட்டு. வெளியிலிருந்து குத்திய கத்தி உள்ளே தடையில்லாமல் இறங்கி, அடித்தோலையும் கீறி, கீழே வந்திருக்கிறது. கால் உள்ளே இருந்திருந்தால் கத்தி காலை அல்லவா அறுத்திருக்கும்?

கால் இல்லாத பூட்ஸை எவனோ உட்கார்ந்து அறுத்திருக்கிறான்.

அதுவரைக்கும் மனதுக்குள்கூட 'அவர்' என்றுதான் அவன் நினைத்துவந்தான். அந்த நிமிஷத்தோடு அது முடிந்தது. யார்மேல் கோபம் என்றே முதலில் பிடிபடவில்லை. ஒரு மாசம் காலை இழுத்து நடந்த அந்தப் பொடியனை அறைய வேண்டும்போல் இருந்தது.

அண்ணனிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அவனுக்கு இருபத்திரண்டு வருஷம் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் சாகிறவரைக்கும் இந்தச் செத்த தோலுக்குப் பொட்டு வைப்பான். நாலு மணி நேரம் யோசித்தும் விளங்கவில்லை.

பதினொன்றரைக்குக் கருத்தக்கண்ணன் வந்தான். தொந்தி, கூலிங் கிளாஸ், புது லெதர் செருப்பு. சந்து குறுகல் என்பதால் காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். சந்து முனையில் அவனுடைய ஃபிளெக்ஸ், நிஜத்தைவிட முப்பது கிலோ இளைத்து நின்றது. ஸ்ரீராம்குமார் பொன்னாடை போர்த்தினார். இந்த அறைக்கு இனி கருத்தக்கண்ணன் அரங்கம் என்று பெயர் என்றார்; எழுதிய பலகை சுவரில் சாய்ந்திருந்தது, பூஜை முடிந்ததும் மாட்ட வேண்டும்.

"என்னடா இது, இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்று பூட்ஸைப் பார்த்துச் சிரித்தான் கருத்தக்கண்ணன்.

"வருசா வருசம் பூசைண்ணே" என்றான் அழகுபாண்டி. நாற்பத்து மூன்று வயது ஆள் கைகட்டி நின்றான்.

"நீ ஆட்டோ ஓட்டுற தம்பில்ல? போன்ல பேசுனது?"

"ஆமாண்ணே. அழகுபாண்டி."

"ஆங், அழகுபாண்டி." பெயரை இப்போதுதான் கேட்பவன்போலச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

சத்யப்ரியா தட்டில் பொரியும் சுண்டலும் நீட்டினாள். "நீங்க ஆடுனத நான் பாத்ததில்ல சார். நான் பொறக்கவே இல்ல. எல்லாரும் சொல்லித்தான் தெரியும்."

"பாக்காதது நல்லதும்மா. பாத்திருந்தா நீ அழுதிருப்ப. கத்திய வெச்சு அறுக்குறாங்ய, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு..."

"யாருண்ணே அறுத்தா?" என்றான் சூரியபிரகாஷ்.

"எவனோ. அம்புட்டுக் கூட்டம் உள்ள."

"கயித்த ஏன் வெட்டல?"

ஸ்ரீராம்குமார் திரும்பிப் பார்த்தார். "சூர்யா, சூடத்த ஏத்துப்பா மொதல்ல."

"ஏத்தலாம் சார். சத்யா, இதுக்குள்ள வெரல விடு. அடில தடவிப் பாரு."

அவள் அழகுபாண்டியைப் பார்த்தாள். அவன் வேண்டாமென்று தலையசைப்பதற்குள் விரல் உள்ளே போய்விட்டது. தடவினாள். கிழிசலின் வெளிப்பக்கம் கட்டைவிரலை வைத்து, உள்ளே சுட்டுவிரலை வைத்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக நகர்த்தினாள். புரிந்துகொண்டாள்.

"உள்ள காலு இருந்தா..." என்றாள். "ரத்தம்ல வந்திருக்கும். காலே ரெண்டாயிருக்குமே சார்?"

சுண்டல் தட்டு கருத்தக்கண்ணன் கையிலேயே இருந்தது. இரண்டு சுண்டலை வாயில் போட்டு மென்றான். பிறகு சிரித்தான். அசடு வழிந்த சிரிப்பில்லை அது. ரொம்ப நாள் கழித்து ஒரு பழைய குறும்பு அகப்பட்டுப்போனவனின் சிரிப்பு.

"கெட்டிக்காரப் பயலுகடா. சரி விடு மாப்ள, இனிமே என்ன இருக்கு. நான் ஆட்டத்த விட்டே பல வருசமாச்சு. அந்த ஆபீஸ்காரங்ய வந்து, மேட்ச் எங்களுக்கு வேணும், வேல ஒனக்கு வேணும்னாங்ய. கல்லுப்பட்டில மானாவாரி நெலம் ரெண்டு ஏக்கரு, வீட்ல ரெண்டு தங்கச்சி. நீயா இருந்தா என்ன செய்வ? கப்பு என்ன, தகரந்தான? சும்மா விட்டா ஒங்காளுங்க என்னைய உரிச்சிருப்பாங்ய. அதான் பூட்ஸக் கிழிச்சேன். யாருக்கு என்ன நட்டம்?"

"எங்கண்ணனைக் கேளுங்க."

"அவருக்கென்ன?"

"ஒங்கள வெல போயிட்டான்னு சொன்னவன அடிச்சு, கேஸாகி, போலீஸ் வேல போச்சு."

கருத்தக்கண்ணன் புருவத்தைத் தூக்கினான். நடிக்கவில்லை. "கேஸா? என்ன கேஸு? எனக்கு யாரும் சொல்லவே இல்லையேப்பா."

சூரியபிரகாஷ் அண்ணனைப் பார்த்தான். ஏமாற்றியதைக்கூட அண்ணன் தாங்கியிருப்பான் என்று தோன்றியது. தங்கச்சிகளுக்காகச் செய்தான் பாவம் என்று ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பான். இருபத்திரண்டு வருஷம் பழகிய கைதானே. இதற்கு அவனிடம் காரணம் இல்லை. 'அண்ணனுக்குத் தெரியும்டா' என்றல்லவா இருந்தான்.

"தெரிஞ்சிருந்தா யாரையாவது புடிச்சு ஏதாச்சும் செஞ்சிருக்கலாம்" என்றான் கருத்தக்கண்ணன், உண்மையான அக்கறையோடு. சூரியபிரகாஷுக்கு அவன் வாயிலேயே குத்த வேண்டும்போல் இருந்தது. கை ஓங்கியும்விட்டான்.

அழகுபாண்டி அந்தக் கையைப் பிடித்து இறக்கினான். "வேணாம். ஒரு கேஸு போதும் வீட்டுக்கு."

பூட்ஸை எடுத்தான். கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கருத்தக்கண்ணனின் இடது காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஏதோ மரியாதை செய்கிறான் என்று நினைத்த ஸ்ரீராம்குமார் பெருமூச்சு விட்டார். கருத்தக்கண்ணனும் காலைக் கொடுத்தான்.

கால் பெருத்திருந்தது. ஆனால் கிழிசல் வாய் பிளந்து இடம் கொடுத்தது. அழகுபாண்டி குதிகாலைக் கையால் தள்ளி ஏற்றினான். பிளவுக்குள் தெரிந்த கணுக்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தான். "கத்தி இங்குட்டுக்கூடி எறங்கியிருக்கு. எங்க தழும்பு?"

தழும்பு இல்லை. அந்தத் தோலில் கொசு கடித்த தடம்கூட இல்லை.

"தம்பி, நான்தான் ஒத்துக்கிட்டேன்ல..."

"தழும்பு எங்கடா?"

அறையில் யாரும் அவனை 'டா' போட்டுக் கேட்டதில்லை. அழகுபாண்டி பழைய முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இழுத்து, கால் வலிக்கிற அளவுக்கு இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டான். எழுந்தான்.

"போட்டுக்கிட்டுப் போ."

"என்னய்யா இது, சார், நீங்க சொல்லுங்க" என்றான் கருத்தக்கண்ணன். ஸ்ரீராம்குமார் வருகைப் பதிவு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கத்தைத் தேடினாரோ.

"செருப்பு?"

"அது இருக்கட்டும். பூசைக்கு ஆகும்" என்றாள் சத்யப்ரியா.

பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவன் அழகுபாண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுக்காமலே வாசலைத் தாண்டினான். ஒரு காலில் அடியில் ஸ்டட் குமிழ்கள் வைத்த பூட்ஸ், ஒரு காலில் வழுக்கும் செருப்பு. சிமென்ட் சந்தில் டக், சரக், டக், சரக் என்று நடந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகவே நொண்டினான். எதிரே வந்த யாரோ "கண்ணண்ணே, கால் இன்னுமா சரியாகல?" என்று உருகிப்போய்க் கேட்டது உள்ளேவரை கேட்டது.

சூரியபிரகாஷ் வெளியே ஓடி அந்த ஆளிடம் சொல்லப் போனான். அழகுபாண்டி அவனைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான். பிறகு கதவைச் சாத்தி, இடுப்புக் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்து, உள்பக்கமாக இரண்டு தடவை திருகிப் பூட்டினான்.