தானாக அடித்த ஃப்ளாஷ்

கல்யாணத்துக்கு என் மாமனார் எனக்குக் கொடுத்தது ஒரு கேமரா ஃப்ளாஷும் ஒரு கேள்வியும். ஃப்ளாஷ் செங்கல் கனம். கேள்வி அதைவிடக் கனம்.

"மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?"

"போட்டோ எடுக்கறேன் மாமா."

"அது சரி. தொழில்?"

அன்றோடு எங்கள் நேரடிப் பேச்சு முடிந்தது. அவர் சொல்வதை மனைவி என்னிடம் கொண்டுவருவாள். நான் சொல்வதை அவரிடம் கொண்டுபோவாள். வழியில் இரண்டு பக்கச் சூட்டையும் ஆற்றிவிடுவாள். குடும்பம் ஓடியது.

புதுக் கேமரா வாங்கியபோது கடைக்காரர் எச்சரித்தார். "அந்தக் காலத்து ஃப்ளாஷை இது தலையில மாட்டிடாதீங்க. அதோட வோல்டேஜ் உள்ள பாஞ்சா கேமரா காலி." அதனால் ஓர் அடாப்டர் வாங்கினேன். நகம் அளவுக் கண் வைத்த சின்னப் பெட்டி. மாமனார் கொடுத்த பழைய ஃப்ளாஷ் அதன்மேல் உட்கார்ந்து கேமராவைத் தொடாமல் தள்ளியே நிற்கும். கேமராவிலேயே இருக்கும் சின்ன ஃப்ளாஷின் வெளிச்சத்தை அந்தக் கண் பார்த்த நொடியில் இதுவும் அடிக்கும். தொடாமல், நடுவில் ஒருவரை வைத்துக் காலம் தள்ளுவது எனக்குப் புதிதா என்ன!

ஸ்டூடியோ என்பது எங்கள் வீட்டு முன்னறைதான். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. குறுக்கே, கூரை வரை எட்டாத பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனாரின் கட்டில், அவருக்கு ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின், தலைமாட்டுச் சுவரில் வீட்டின் கரன்ட் மெயின் பெட்டி. நுரையீரல் கெட்ட பிறகு மெஷின் இல்லாமல் அவரால் கொஞ்ச நேரம்தான் தாங்க முடியும்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவர் தாடையைத் தூக்கி உட்கார்ந்தார். நான் இன்னும் பட்டனைத் தொடவில்லை. ஃப்ளாஷ் அடித்தது. மனிதர் துள்ளி விழுந்தார். "நான் இன்னும் எடுக்கவே இல்லீங்க" என்றேன்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எடுக்காமலே அடிக்குதாம்மா? உன் புருஷன் தொழில் கத்துக்கிட்டார்னு சொல்லு."

மட்டமான அடாப்டர் என்று திட்டிக்கொண்டே அதைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தேன். பேசாமல் இருந்தது. தடுப்புப் பக்கம் திருப்பினேன். அடித்தது.

"உங்கப்பாவைப் பார்த்தா இதுக்கும் பயம்" என்றேன் மனைவியிடம்.

அவள் சிரிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "ஏங்க, மெஷின் முனகும்போதெல்லாம் அடிக்குதுங்க."

கேட்டேன். மெஷின் 'டக்' என்று முக்கியது. ஃப்ளாஷ் அடித்தது. மறுபடி டக். மறுபடி வெளிச்சம்.

விளக்கை அணைத்து, ஸ்டூலில் ஏறித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினேன். இருட்டில் மெயின் பெட்டியின் மூடி இடுக்கில் நீலமாக ஒரு பொறி. கூரையில் பட்டுத் தெறித்த அதன் வெளிச்சத்தைத்தான் அடாப்டரின் கண் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டிக்கு நேர் கீழே மூக்கில் குழாயோடு மாமனார், குழாயில் சுத்தமான ஆக்சிஜன். ஒரு பொறி கீழே விழுந்தால் போதும்.

"உங்கப்பா எதுவும் சொல்லலையா?"

மனைவியின் முகம் வெளுத்தது. "சொன்னாருங்க. 'வயர் கருகற நாத்தம் வருது, அந்த மரமண்டையைப் பார்க்கச் சொல்லு'ன்னாரு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு, 'அப்பாவுக்கு ரூம்ல ஏதோ நாத்தமாம்'னு சொன்னேன்."

ஞாபகம் வந்தது. அவள் சொன்ன அன்றே நான் கடைக்குப் போய் ரூம் ஸ்ப்ரே வாங்கி வந்தேன். மல்லிகை வாசனை. அந்தப் பெட்டிக்குக் கீழேயே நின்று, அக்கறையாக, தினமும் அடித்தேன். டப்பாவில் நெருப்புப் படம் போட்டிருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்து குழாயை மாற்றினாள். நான் மரக்கட்டையால் மெயினைத் தட்டி இறக்கினேன். மெஷின் அடங்கியது. ஃபேன் நின்றது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

"அப்பாடா" என்றேன்.

ஃப்ளாஷ் அடித்தது.

அதற்குப் பேட்டரி இருக்கிறது, மெயின் தேவையில்லை. ஆனால் பொறிக்குக் கரன்ட் எங்கிருந்து? அப்போதுதான் உறைத்தது. மாடி வீட்டுக்கும் இதே பெட்டி வழியாகத்தான் லைன் போகிறது. தெருவிலிருந்து வரும் வயர், மெயினுக்கு முன்னாலேயே கருகிக்கொண்டிருந்தது. அதை அணைக்க எங்கள் கையில் சுவிட்ச் இல்லை.

மாமனார் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நேராக.

"மாப்பிள்ளை, தூக்குங்க."

தூக்கினேன். ஃப்ளாஷைவிடக் கனமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், இல்லை. என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். மனைவி, மாடிக்காரர்களைக் கூவி அழைத்தபடி, சிலிண்டரோடு ஒட்டி வந்தாள்.

"அப்பவே சொன்னேன்ல" என்றார், மூச்சிரைப்புக்கு நடுவே.

"மல்லிகை நல்லா இல்லையா மாமா?"

"மரமண்டை" என்றார். நடுவில் யாரும் ஆற்றாமல், முதல் தடவையாகச் சூடாகவே வந்து சேர்ந்தது.

நிலைப்படியைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் வெள்ளையாக ஓர் அடி. உடனே இன்னொன்று, மங்கலாக. பழைய ஃப்ளாஷுக்கு மூச்சு வாங்கவே நேரமில்லை. அதன் பிறகு அது அடிக்கவில்லை.

ஆனாலும் அறை செம்மஞ்சளாக, வெளிச்சமாகத்தான் இருந்தது.