ஊடுருவிப் போன சன்னம்

1

இந்தக் கதை ஒரு மூஸ் இறைச்சிக் குழம்பிலிருந்து வந்தது. போன ஞாயிறு, புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் அஜின்கோர்ட்டில், என் வீட்டில் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன். பிறகுதான் எழுதத் துணிவு வந்தது.

கதையில் என் பெயர் றோஸ்மேரி. ‘நான்’ என்று தொடங்கினால் ஓடுவதில்லை. பாருங்கள்:

நான் கஸ்பரின் றைபிளைப் பொலிசில் ஒப்படைத்த அன்று, அவருடைய

நின்றுவிட்டது. ஆகவே றோஸ்மேரி.

2

றோஸ்மேரியின் கணவர் கஸ்பர் மன்னார்க்காரர். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவளுடைய தம்பி கிளிபோட்டுடன் வடக்கே காட்டுக்குப் போவார், மூஸ் வேட்டைக்கு. மூஸ் குதிரையை விட உயரமான மான். (அது நடந்து வருவது, தேர்— வேண்டாம். உவமை சரிவரவில்லை.)

அவ்வளவு பெரிய உடம்புக்கு எந்தச் சன்னம், எந்தத் துப்பாக்கிக் குண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மென்நுனிச் சன்னம் உள்ளே போனதும் விரியும். விலங்கு அதிக தூரம் ஓடாமல் விழும். முழுக்க உலோக உறை போட்ட சன்னம் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அது இலக்குப் பழகுவதற்கு. வேட்டைக்குச் சட்டமும் அதை விடாது. கிளிபோட் கனமான மென்நுனிச் சன்னங்களாகப் பார்த்து வாங்கி அத்தானின் கையில் கொடுத்தான்.

கஸ்பர் தலையாட்டினார். காட்டில் உறை போட்டதையே றைபிளில் இட்டார்.

இந்த இடத்தில் வாசகர் அவரை நம்பமாட்டார் என்று பயந்து, பந்தியை மூன்று முறை அழித்தேன். காரணம் இதுதான். ஊரில் நடந்த யுத்தத்தில் அவருடைய இடது தொடையில் ஒரு சன்னம் புகுந்து மறுபக்கத்தால் போனது. அவர் பிழைத்தார். பக்கத்தில் விழுந்தவனுக்குச் சன்னம் உள்ளேயே தங்கிவிட்டது, அவன் பிழைக்கவில்லை. போய்விடுகிற சன்னம்தான் இரக்கமுள்ளது என்று கஸ்பர் நம்பினார். சுடாமலே இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். றோஸ்மேரியும் கேட்டாள். அவர் சிரித்தார்.

3

அடிபட்ட மூஸ் சதுப்புக்குள் ஓடி மறைந்தது. மறுநாளும் தேடினார்கள், கிடைக்கவில்லை. றைபிளில் மிஞ்சிய சன்னங்களைப் பார்த்ததும் கிளிபோட்டுக்கு விளங்கியது.

“உது வேட்டையில்லை அத்தான், சித்திரவதை.”

கஸ்பர் அதற்குப் பிறகு காட்டுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் ஆஸ்பத்திரியில் படுத்தார்.* பாதர் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பும் சொல்லிவிட்டுப் போனார். அது போதவில்லை.

“அந்த மூஸ் இப்பவும் எங்கையோ கிடந்து இழுத்துக்கொண்டிருக்கும், றோசி.”

அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இதுதான். அவர் இறந்தபோது அந்த வருத்தம் அவரை விட்டுப் போய், றோஸ்மேரியிடம் தங்கிவிட்டது.

* நோயின் பெயரை எழுதப்போவதில்லை. அதற்கு இந்தக் கதையில் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

4

இந்த இலையுதிர் காலத்தில் கிளிபோட் அதே சதுப்பின் ஓரத்தில் ஒரு மூஸைச் சுட்டான். இறைச்சியோடு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

“அக்கா, அத்தான்ரை மூஸ் சாகேல்லை. தோலுரிக்கேக்கை பாத்தன். பழைய காயம், ரண்டு பக்கமும் ஆறி, மயிர் வெள்ளையா முளைச்சிருக்கு. நல்லாத் திண்டு கொழுத்துத் திரிஞ்சிருக்கு.”

“அதைப் பிறகு நீ சுட்டுப்போட்டாய்.”

“ஓம். நான் சட்டப்படி சுட்டனான்.”

செத்தவீட்டுக்குப் பிறகு றோஸ்மேரி அன்றுதான் சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, காயம் எங்கே என்று கேட்டாள்.

கிளிபோட் தன் இடது தொடையைத் தொட்டான்.

“இஞ்சை.”

5

கஸ்பருக்கும் அதே இடம். ஆஸ்பத்திரியில் அவரைத் துடைத்துவிட்டவன் கிளிபோட். அந்தத் தழும்பு அவனுக்குத் தெரியும்.

முடிவு ஒன்று: மூஸுக்கும் அங்கேதான் பட்டிருந்தது. சதுப்பில் அப்படி நடக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

முடிவு இரண்டு: அக்காவின் துயரத்தைப் பார்க்கச் சகிக்காமல் தம்பி அத்தானின் தழும்பை மூஸுக்கு இடம் மாற்றி

இதை முடிக்கவில்லை. அவன் தன் போனில் எல்லாவற்றையும் படமெடுத்து வைப்பவன். றோஸ்மேரி கேட்டால் காட்டுவான், அல்லது தடுமாறுவான். அவள் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. நான் அன்று நன்றாக நித்திரை கொண்டேன். நான் இன்றைக்கும் அந்த இறைச்சியைத்தான் சமைத்தேன். ‘நான்’ நிற்காமல் ஓடுகிறது, பாருங்கள்.

கிளிபோட் இப்போது கீழே பேஸ்மென்றில், இன்று கொண்டுவந்த மிச்ச இறைச்சியைப் பிறீசரில் அடுக்குகிறான். போன் அவனுடைய சட்டைப் பையில் இருக்கிறது. தெரிந்துதான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் இறங்கிப் போய்க் கேளுங்கள். எனக்கு வந்து சொல்லவேண்டாம். நான் குழம்பைச் சூடாக்குகிறேன், அவனுக்குப் பசிக்கும்.